ரெட்டை வால் விமானம் இறங்கி வந்த நாள்

சவரிநாதன் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது அவரோடு ஒரு தகர டிரங்குப் பெட்டியும், ஸ்குவாட்ரன் லீடர் என்ற பதவிப் பெயரும், சரியாகக் கேட்காத இடது காதும் வந்தன. அது 1974. வயது நாற்பத்தொன்றுதான். பதினெட்டு வருஷம் ஜெட் என்ஜின்களுக்குப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்திய காது, ஒரு மருத்துவச் சோதனையில் கையை விரித்துவிட்டது. இனிமேல் பறக்கக் கூடாது, மேஜையில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கலாம் என்றார்கள். அவர் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

திண்டிவனத்து வியாபாரி ஒருவர் மரக்காணத்தில் அறுபது ஏக்கர் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தார். நம்பிக்கையான மேனேஜர் தேடிக்கொண்டிருந்தவருக்குச் சவரிநாதன் கிடைத்தார். "ஆகாசத்துல இருந்த மனுஷன் சேத்துல போயி நிக்கப் போறீங்களா?" என்று மனைவி ஜோசப்பின் கேட்டாள். கேட்டாலும், அங்கே மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்ததும் அவளும் கிளம்பிவிட்டாள்.

சவரிநாதனுக்கு அந்த உப்பளம் புதிது அல்ல. அவருடைய அப்பா இராயப்பன் வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே உப்பு இலாகாக் காவல் சேவகராக இருந்தவர். சவரிநாதனுக்குப் பதினோரு வயது ஆனபோது அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. முப்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தவரை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகக் காலை ஆறு மணிக்கு வருவார், பாத்தி பாத்தியாக நடப்பார், போவார். மிலிட்டரியில் இருந்தவர் என்று மட்டும் ஆட்களுக்குத் தெரியும். சமையல்காரராக இருந்தவர் என்றுகூடச் சிலர் நினைத்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு மத்தியான நேரம். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. ஆட்கள் எல்லாரும் கஞ்சி குடிக்கக் கரைமேல் இருந்த ஓலைக் கொட்டகைக்கு வந்திருந்தார்கள். சவரிநாதனும் ஓரமாக ஒரு சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அப்போது வடக்கே, ரொம்ப உயரத்தில், ஒரு ஜெட் விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு கடல் பக்கம் போனது. நாலைந்து பேர் வெளியே தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"இதெல்லாம் ஒரு பிளேனா?" என்றார் மேஸ்திரி சகாதேவன். ஐம்பத்தைந்து வயது ஆள், கதை சொல்வதில் மன்னன். "சார், நீங்க ஊருக்குப் புதுசு. இந்த அளத்துல ஒண்ணு வந்துச்சு பாருங்க, பதினெட்டு வருசம் ஆவுது. மாசிக் கடைசி. மொத உப்பு வாரிக்கிட்டு இருக்கோம். மேகம் மூடிக்கெடந்துது, நடுவுல மட்டும் ஓட்டை விழுந்த மாதிரி வெயிலு. திடீர்னு அந்த ஓட்டையில இருந்து எறங்குச்சு சார். தென்னமரம் ஒசரம்தான் இருக்கும்!"

"பனமரம்" என்று திருத்தினான் ஒருவன்.

"ஏதோ ஒரு மரம். அந்தச் சத்தம் இருக்குதே! ஆகாசத்தைத் துணி கிழிக்கிற மாதிரி கிழிச்சுட்டான். அம்பாரத்து மேல இருந்த உப்பு சரிஞ்சு போச்சு. போட்டது போட்டபடி ஓடினோம். போயி ஒளியலாம்னு பார்த்தா திரும்பவும் வர்றான். அப்படியே எல்லாரும் சேத்துல குப்புற வுழுந்தோம்."

"நெருப்பு கக்கிட்டுப் போச்சு" என்றாள் ஒருத்தி.

"கடல்ல குண்டு போட்டான்" என்றான் இன்னொருவன். "மூணு நாளு மீனே இல்ல."

சவரிநாதனின் கையில் மோர் டம்ளர் அப்படியே நின்றது. மாசிக் கடைசி, பதினெட்டு வருஷம். அவர் மனதுக்குள் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. 1957 மார்ச் மாதத்தில் அந்த உப்பளத்தின்மேல் இரண்டு முறை தாழப் பறந்த விமானத்தை ஓட்டியவர் அவர்தான். அந்த இரண்டு முறையும் கீழே என்ன நடந்தது என்பது பதினெட்டு வருஷம் கழித்து இப்போதுதான் அவர் காதில் விழுகிறது. வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார். தான் வழி தவறிய கதையை அவர் ஜோசப்பினிடம்கூடச் சொன்னதில்லை.

அப்போதுதான் அப்பாவு எழுந்து வந்தான்.

அப்பாவு நாற்பது வயது உப்பள வேலையாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவன் மனைவி முத்தம்மாளும் அதே அளத்தில் வேலை செய்தாள். அவன் கை பேசும், அவள் வாய் அதைச் சொல்லும். மற்றவர்கள் வானத்தைக் காட்டிக் காட்டிப் பேசியதிலிருந்தே என்ன கதை ஓடுகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கரையின் ஈர மண்ணில் குந்தி உட்கார்ந்து, விரலால் படம் போட ஆரம்பித்தான்.

"ஆரம்பிச்சுட்டான்யா" என்று சகாதேவன் சிரித்தார். "வருசா வருசம் இதையேதான் போடுவான் சார்."

முதலில் முட்டை மாதிரி ஒரு உடம்பு. இரண்டு பக்கமும் இறக்கை. மற்றவர்களாக இருந்தால் அடுத்து உடம்பின் பின்னால் ஒரு வால் போட்டிருப்பார்கள். அப்பாவு அப்படிப் போடவில்லை. ஒவ்வொரு இறக்கையிலிருந்தும் பின்னால் ஒரு நீளக் கோடு இழுத்தான். இரண்டு கோடும் முடிகிற இடத்தில், குறுக்கே ஒரு கோடு போட்டுச் சேர்த்தான். கட்டிலின் கால்களைச் சட்டத்தால் சேர்க்கிற மாதிரி.

சவரிநாதன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். வேம்பயர் விமானம். அந்தக் காலத்தில் நம் நாட்டில் பறந்த ஜெட் விமானங்களில் அதற்குத்தான் அப்படி ரெட்டை வால். அதை நேரில் உற்றுப் பார்க்காத ஒருவன் இப்படி வரைய முடியாது.

அப்பாவு இப்போது கையால் பேசினான். உள்ளங்கையை விரித்து, காற்றில் மெதுவாக வழுக்கவிட்டான். தரையைக் காட்டினான், நெஞ்சைத் தொட்டான். பிறகு தன் தலையை இடது பக்கம் திருப்பிக் கீழே குனிந்து பார்த்தான்.

"இன்னா சொல்றாரு?" என்று கேட்டார் சவரிநாதன்.

முத்தம்மாள் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்: "சத்தமே இல்லாம வந்துச்சாம் சார். கொக்கு எறங்குற மாதிரி. அதோட நெழலு உப்பு மேலயே ஓடியாந்து இவரு மேல ஏறிப் போச்சாம். உள்ள ஒரு ஆளு இருந்தானாம், தலையத் திருப்பி இவரைப் பார்த்தானாம். இவருக்குக் காது கேக்காது, அதான் சத்தமில்லன்றாரு. நானும் எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன், காதே செவுடாயிடுற சத்தம்னு. நம்ப மாட்டேன்றாரு."

"ஆளு பார்த்தானாம், ஆளு!" என்று சகாதேவன் தொடையில் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவு அவர்களுடைய வாய்களைப் பார்த்துவிட்டு, பழகிப்போன மாதிரி, போட்ட படத்தைக் கையால் அழிக்கப் போனான்.

"அழிக்காதப்பா" என்றார் சவரிநாதன். அவனுக்குக் கேட்காது என்பது மறந்துபோய், குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அது ரெட்டை வால்தான். உள்ள ஆள் இருந்தது நெஜம். அவன் திரும்பிப் பார்த்ததும் நெஜம். அது நான்தான்."

கஞ்சியை வைத்துவிட்டு எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

முதல் முறை பறந்தபோது சிதறி ஓடிய ஆட்கள் சவரிநாதனின் நினைவில் இருந்தார்கள். இரண்டாவது முறை வந்தபோது எல்லாரும் சேற்றில் படுத்திருந்தார்கள். ஒருவன் மட்டும் வெள்ளை வெளேரென்ற பாத்தியின் நடுவே, உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடி, அண்ணாந்து நின்றிருந்தான். இவன் ஏன் ஓடவில்லை என்று அந்த அவசரத்திலும் ஒரு கணம் நினைத்தார். பிறகு எத்தனையோ நாள், எத்தனையோ ஊர்களில், அந்த மனிதனின் நினைப்பு வந்திருக்கிறது. அவன் இதோ, பத்து மாதமாகத் தினமும் அவருக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

முதலில் பேசியது முத்தம்மாள். தன் வலது கையை நீட்டினாள். மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது.

"அன்னிக்கு ஓடுறப்போ வரப்பு தடுக்கி வுழுந்தேன் சார். ஒடிஞ்சு போச்சு. கல்யாணம் ஆயி மூணாம் மாசம் எனக்கு. புத்தூர்க் கட்டு கட்டி, ஒண்ணரை மாசம் வேலைக்கு வரல. இப்பவும் மழைக்காலம் வந்தா குடையும்." அவள் குரலில் கோபம் இல்லை. ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. "எதுக்கு சார் அவ்ளோ தாழ வந்தீங்க?"

சவரிநாதன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"வழி தெரியாம போச்சும்மா" என்றார்.

"ஆகாசத்துல வழி தவறுமா?" என்று சகாதேவன் வாயைப் பிளந்தார்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் வேலை நடக்கவில்லை. மேனேஜரே சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து கதை சொன்னால் யார் போய் உப்பு வாருவார்கள்?

அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. காற்றாடி வைத்த விமானத்தில் பழகி முடித்து, தெக்காணத்தில் ஒரு தளத்தில் ஜெட் பயிற்சிக்கு வந்திருந்தார். வாத்தியார் பொன்னப்பா என்ற குடகுக்காரர். அதிகம் பேசாதவர். முதல் நாள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சவரிநாதனை மேலே அழைத்துப்போனார்.

காற்றாடி விமானம் என்றால் மூக்கில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி சுழலும், உடம்பு முழுக்க உதறும், எண்ணெய் வாடை அடிக்கும், பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. ஜெட்டில் மூக்குக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தரை, அதற்கப்புறம் வானம். கண்ணாடி மூடியை இழுத்து மூடினார்கள். பின்னால் எங்கேயோ ஒரு சீழ்க்கை எழுந்தது. ஓடுதளத்தில் ஓடத் தொடங்கியபோது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. சக்கரம் மண்ணை விட்டது. அதன் பிறகு நடந்ததைச் சொல்லச் சவரிநாதனுக்கு அன்றும் வார்த்தை வரவில்லை, கொட்டகையில் உட்கார்ந்திருந்த அன்றும் வரவில்லை.

"சத்தம் நின்னு போச்சு" என்றார். "என்ஜின் நின்னுடுச்சுன்னு பயந்துட்டேன். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரு சிரிக்கிறாரு. சத்தம் நமக்குப் பின்னாடி வருது, நாம அதுக்கு முன்னாடி போயிட்டு இருக்கோம். உள்ள ஒரு மெல்லிசான ஊதல் மட்டும்தான். கோயில்ல எல்லாரும் போன பெறவு தனியா உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரி."

இருபத்தைந்தாயிரம் அடி ஏறினார்கள். நீலம் கறுத்துக்கொண்டே போய்க் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. கீழே மேகம் தரை மாதிரி பரந்து கிடந்தது. அந்த மேகத்தின்மேல் அவர்களுடைய விமானத்தின் நிழல் ஓடியது. நிழலைச் சுற்றி முழு வட்டமாக ஒரு வானவில். வில் இல்லை, வளையம். அதன் நடுவில் ரெட்டை வால் நிழல். அதைப் பார்த்தவர் பாடத்தை மறந்தார், கையில் பிடித்திருந்ததை மறந்தார். "படம் எழுதி ஃபிரேம் போட்டு வச்ச மாதிரி" என்று சவரிநாதன் சொன்னபோது முத்தம்மாள் அதைக் கையால் அப்பாவுவுக்குச் சொன்னாள். அவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெட்டு எதுல சார் ஓடுது?" என்று ஒருவன் இடையில் கேட்டான்.

"மண்ணெண்ணெய் மாதிரிதான்."

"அட, அதான் ரேஷன்ல கெடைக்க மாட்டேன்னுது" என்றாள் ஒருத்தி. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வழி கண்டுபிடிப்பதுதான் பாடத்திலேயே கஷ்டமானது. மேலே சாலை இல்லை, மைல் கல் இல்லை. முழங்கால்மேல் மடித்து வைத்த மேப், தொடையில் கயிறு கட்டிய பென்சில், திசை காட்டும் காம்பஸ், கைக்கடிகாரம். இந்தத் திசையில், இந்த வேகத்தில், இத்தனை நிமிஷம் போனால் இந்த இடத்தில் இருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதைக் கழித்தோ கூட்டியோ கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் நிமிஷத்துக்கு ஆறு ஏழு மைல் ஓடுகிற வண்டியில் ஒரு கொட்டாவி விட்டால் ஒரு ஊர் போய்விடும். மேப்பில் உள்ளதைத் தரையில் தேடு, தரையில் உள்ளதை மேப்பில் தேடாதே என்பார் பொன்னப்பா. தரையில் பார்த்ததை மேப்பில் தேடினால் மனது எதையாவது ஒன்றைக் காட்டி இதுதான் என்று சாதித்துவிடுமாம்.

மார்ச் மாதத்தில் அவரைத் தனியாக அனுப்பினார்கள். தெக்காணத்திலிருந்து தென்கிழக்கே பறந்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு ராணுவ ஓடுதளத்தில் இறங்க வேண்டும். ஐம்பது நிமிஷப் பயணம். கிளம்பும்போது வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இருபதாவது நிமிஷத்தில் ஒரு ஆற்று வளைவு தெரிய வேண்டும். பதினேழாவது நிமிஷத்திலேயே ஒன்று தெரிந்தது.

"அப்பவே புரிஞ்சிருக்கணும்" என்றார் சவரிநாதன். "பின்னாடி இருந்து காத்து பலமா தள்ளுது, அதான் சீக்கிரம் வந்துட்டேன். ஆனா நான் இன்னா நெனச்சேன்? இது வேற ஆறு, நம்ம ஆறு இனிமேதான் வரும்னு நெனச்சேன். மனசு சமாதானம் சொல்லிடிச்சு. கொஞ்ச நேரத்துல கீழ மேகம் மூடிக்கிச்சு."

ஐம்பதாவது நிமிஷம் வந்தது. கீழே வெள்ளைக் கம்பளம். ரேடியோவில் கூப்பிட்டார். கரகரவென்று இரைச்சல், அதற்குமேல் எந்தக் குரலும் இல்லை. இன்னும் மூன்று நிமிஷம் போனார். மேகத்தின் விளிம்பு முடிந்தது. அதற்கப்புறம் நீலம், கடல். எத்தனை தூரம் கடலுக்குள் வந்தோம், எந்த இடத்தில் கரையைத் தாண்டினோம், ஒன்றும் தெரியாது. மேற்கே திருப்பினார். எண்ணெய் முள் கால்வாசிக்குக் கீழே வந்திருந்தது.

அந்த நேரத்தில் தமக்கு அழுகை வந்ததைச் சவரிநாதன் மறைக்கவில்லை. ஆக்சிஜன் முகமூடிக்குள் அழுதால் மூக்கைத் துடைக்க முடியாது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினார். பாதியில் அடுத்த வரி வரவில்லை. திரும்பத் தொடங்கினார், திரும்பவும் வரவில்லை.

அப்போது மேகத்தில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக வெயில். வெயிலில் சின்னச் சின்னச் சதுரங்கள், வரிசை வரிசையாக. சில பச்சை, சில செம்மண் தண்ணீர் நிறம், மற்றதெல்லாம் கண்ணாடிச் சில்லு மாதிரி வெள்ளை. உப்பளம்! அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்த உப்பளம் மேலேயிருந்து இப்படி இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. ஒரு கணம் பயம் போய்விட்டது. மனுஷன் பலகையால் கீறிக் கீறிச் செய்தது, ஐந்து மைல் உயரத்துக்குத் தெரிகிறதே என்று வாயடைத்துப் போனார்.

அடுத்த கணம் பயம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. உப்பளம் சென்னைக்கு வடக்கேயும் உண்டு, தெற்கேயும் உண்டு. இது எது? வடக்கே உள்ளது என்றால் இடது பக்கம் திரும்ப வேண்டும். மரக்காணம் என்றால் வலது பக்கம். தப்பாகத் திரும்பினால் மறுபடி திரும்ப எண்ணெய் இருக்காது. கீழே இறங்கிப் பார்க்கலாம். ஆனால் ஜெட் தாழப் பறந்தால் மேலே குடிப்பதைப்போல இரண்டு மூன்று பங்கு எண்ணெய் குடிக்கும். பார்க்காமல் திரும்புவதா, குடித்தாலும் பரவாயில்லை என்று இறங்குவதா?

"எறங்கிட்டேன்" என்றார். "மொத வாட்டி வந்தப்போ ஆளுங்க ஓடுறது மட்டும் தெரிஞ்சுது. அடையாளம் ஒண்ணும் புடிபடல. வட்டம் போட்டு ரெண்டாவது வாட்டி வந்தேன். அப்பதான் எல்லாரும் படுத்துக்கெடக்க, இவரு மட்டும் நின்னாரு. இவரைப் பார்த்துட்டுத் தலைய நிமிர்த்துனா, வடக்கே கடலோரத்துல ஒடிஞ்ச பல்லு மாதிரி செங்கல் செவுரு தெரிஞ்சுது."

"ஆலம்பரை கோட்டை!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"அதேதான். சின்னப் புள்ளையில எங்கப்பா தோணியில அழைச்சுக்கிட்டுப் போயிக் காட்டுன கோட்டை. வலது பக்கம் திருப்புனேன்."

கரையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே பறந்தார். பத்து நிமிஷம். பரங்கிமலை மாதிரி ஒன்று தெரிந்தது, அப்புறம் ஓடுதளம் தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டு, ஓடுதளத்தில் பாதி தூரம் உருண்டபோது என்ஜின் தானாகவே அணைந்தது. கண்ணாடியைத் திறந்தார். யாரோ ஒரு ஆள் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்தான். அந்த மணிச் சத்தத்தை மட்டும் இன்றைக்கும் மறக்க முடியவில்லை என்றார்.

மறுநாள் பொன்னப்பா ஃபோனில் பேசினார். திட்டவில்லை. ஆற்றைப் பதினேழாவது நிமிஷத்தில் பார்த்ததாக உன் தாளில் நீயே எழுதி வைத்திருக்கிறாய், எழுதியதை நீயே ஏன் நம்பவில்லை என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு பதினேழு வருஷம் சவரிநாதன் பறந்தார், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார். ஒரு முறைகூட வழி தவறவில்லை.

கதை முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சகாதேவன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப கடல்ல குண்டு போடலியா சார்?" என்றார். "அது வேற யாருனா இருக்கும்" என்றார் சவரிநாதன்.

சவரிநாதன் சொன்னதையெல்லாம் முத்தம்மாள் கையால் அப்பாவுவுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். இப்போது அப்பாவு அவள் தோளைத் தொட்டான். ஏதோ கேட்டான். அவள் முகத்தைச் சுளித்தாள். அவன் விடவில்லை, திரும்பவும் கேட்டான்.

"உள்ள இருந்தவருக்குச் சத்தம் கேட்டுச்சான்னு கேக்குறாரு சார்."

சவரிநாதன் அப்பாவுவை நேராகப் பார்த்தார். தம் இரண்டு காதையும் தொட்டு, கையை விரித்து, மெல்லத் தலையை ஆட்டினார். இல்லை.

அப்பாவு சிரித்தான். குரல் வராத, தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. சகாதேவனை விரலால் காட்டினான், மற்றவர்களைக் காட்டினான், பெண்டாட்டியைக் காட்டினான். பிறகு தன்னையும் சவரிநாதனையும் மாறி மாறிக் காட்டி, விரித்த உள்ளங்கையை மறுபடி காற்றில் வழுக்கவிட்டான். அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு வருஷமாக ஊரே சேர்ந்து அவன் பார்த்ததைப் பொய் என்று சொல்லியிருந்தது. இன்று அவன் பக்கம் ஒரு சாட்சி, அதுவும் விமானத்துக்கு உள்ளே இருந்த சாட்சி.

"நல்லா சோடி சேர்ந்தீங்க" என்று முத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததைச் சவரிநாதன் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவர் ஜோசப்பினிடம் எல்லாவற்றையும் சொன்னார். "பதினாலு வருசமா கூட இருக்கேன், எங்கிட்ட சொல்லல. உப்பு வாருறவங்ககிட்ட சொல்லியிருக்கீங்க" என்று அவள் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "அந்தம்மா கையை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். அடுத்த வாரமே முத்தம்மாளைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். பழைய எலும்பு, இனி நேராக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சவரிநாதன் அவளை உப்பு வாருவதிலிருந்து மாற்றி, தண்ணீர் மடை பார்க்கிற வேலை கொடுத்தார். கூலி குறையவில்லை. மடை வேலை ஆம்பளை வேலை என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். முத்தம்மாள் அவர்களைவிட நன்றாகவே பார்த்தாள்.

மறு வருஷம் அக்டோபரில் அவருடைய பழைய நண்பர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் வேலை பார்க்கும் விமானப்படைத் தளத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கிற நாள் ஒன்று இருக்கிறது, பறப்பதை நிறுத்திய பழைய விமானங்கள் இரண்டு மூன்றைப் புல்வெளியில் நிறுத்தியிருக்கிறார்கள், ஒரு வேம்பயரும் இருக்கிறது என்று எழுதியிருந்தார். சவரிநாதனும் ஜோசப்பினும் அப்பாவுவையும் முத்தம்மாளையும் கூட்டிக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினார்கள்.

வேம்பயர் வெயிலில் நின்றிருந்தது. புதிதாக வெள்ளிச் சாயம் அடித்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற புது விமானங்களுக்கு முன்னால் அது சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. அப்பாவு தூரத்திலேயே நின்றுவிட்டான். பிறகு கோயிலைச் சுற்றுகிற மாதிரி அதை ஒரு முறை சுற்றி வந்தான். ரெட்டை வாலையும் கையால் தடவினான், சேர்க்கிற குறுக்குச் சட்டத்தை எட்டிப் பார்த்தான். முத்தம்மாள் பின்பக்கம் போய், நெருப்பு வருகிற குழாயைக் குனிந்து பார்த்து, "இவ்ளோ சின்ன ஓட்டையில இருந்தா அவ்ளோ சத்தம் வந்துச்சு?" என்றாள்.

காவலுக்கு நின்ற சிப்பாயிடம் சவரிநாதன் பேசி, ஏணி வைத்து, அப்பாவுவை உள்ளே ஏறி உட்கார வைத்தார். அவன் எதையும் தொடவில்லை. முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தான்.

இறங்கி வந்தவன் மூக்குப் பக்கம் போனான். ஏதோ சந்தேகம் வந்த மாதிரி விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினான். கையை அப்படியே வைத்துப் பார்த்தான். இன்னொரு தட்டு. அவனுக்குச் சத்தம் கேட்காது. ஆனால் உப்பு வாரும் பலகைகளைச் சின்ன வயதிலிருந்து தன் கையாலேயே செதுக்கிச் செய்கிறவன். கைக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிச் சவரிநாதனைப் பார்த்து, செதுக்குகிற மாதிரி கையை இழுத்துக் காட்டினான்.

"மரம்ன்றாரு சார்" என்றாள் முத்தம்மாள். "பைத்தியமா இவருக்கு?"

"இல்லம்மா, சரியாதான் சொல்றாரு. இறக்கையும் வாலும்தான் தகரம். நாங்க உட்கார்ந்திருக்கிற முன்பக்கம் பூரா மரம். பலகைய ஒட்டி ஒட்டிச் செஞ்சது."

முத்தம்மாள் விமானத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "மரத்துல உட்கார்ந்துக்கிட்டா அவ்ளோ ஒசரம் போனீங்க?"

"ஆமாம்மா."

அவள் தன் கோணல் கையைத் தூக்கி, பயந்து பயந்து, அந்த மரத்தின்மேல் வைத்தாள். வெயிலில் அது சூடாக இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.